சௌபாக்கியச் சாக்கடை

சீனர்களின் பழைய வடிகால்களைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு சந்தேகம் முளைக்கும். அதிகாரி இல்லாத ஊரில் சாக்கடை ஒழுங்காக ஓடியிருக்கிறது. அதிகாரிகள் மலிந்த தலைநகரங்களில் நாறியிருக்கிறது. தற்செயல் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

ஹெனான் மாகாணத்தில் பிங்லியாங்தாய் என்றொரு இடம். 4,000 வருஷத்துக்கும் முன்னால் அங்கே மண்மதிலும் அகழியும் சூழ ஏறக்குறைய 500 பேர் வாழ்ந்தார்கள். வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. பெரிய வீடும் இல்லை, சின்ன வீடும் இல்லை (நான் சொல்வது சதுர அடிக் கணக்கு). அரண்மனை கிடையாது. இடுகாட்டைத் தோண்டிப் பார்த்தால் அங்கேயும் பெரிய மனிதர் என்று யாரும் தனியாகப் படுத்திருக்கவில்லை. ஆனால் வீட்டு வரிசைகளை ஒட்டி, சுடுமண் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மழைத்தண்ணீரை மதிலுக்கு வெளியே கொண்டுபோய்விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குழாயும் 20 முதல் 30 சென்டிமீட்டர் விட்டம், 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளம். சீனாவில் இதுவரை கிடைத்திருக்கும் முழுமையான சுடுமண் குழாய் வடிகால்களில் இதுதான் மூத்தது என்று 2023-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்கே கொஞ்சம் அதிர்ச்சி. இவ்வளவு பெரிய வேலைக்குப் பின்னால் ஒரு ராஜா, குறைந்தபட்சம் ஒரு மணியக்காரராவது இருந்திருக்க வேண்டும் என்று தேடினால் ஒருவரும் அகப்படவில்லை. ஊர்க்காரர்களே கூடிப் பேசி, குழாய் சுட்டு, பதித்து, அடைத்தபோது குத்திவிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அடிக்கல் நாட்ட ஆள் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

அப்புறம் ராஜாக்கள் வந்தார்கள். வெள்ளமும் பெரிதாயிற்று. எது முதலில் என்று சீனப் புராணம் தெளிவாகச் சொல்லவில்லை.

புராணத்தின்படி, ஊரெல்லாம் வெள்ளம் வந்தபோது பொறுப்பைக் குன் என்பவரிடம் கொடுத்தார்கள். குன்னுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கரை கட்டுவது. தண்ணீர் ஏறினால் கரையை உயர்த்து. இன்னும் ஏறினால் இன்னும் உயர்த்து. மண் போதாமல், தானாகவே வளரும் மாய மண்ணை வானுலகிலிருந்து திருடிக்கொண்டு வந்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. திட்டச் செலவு கைமீறும்போது மனிதன் எந்த எல்லைக்குப் போவான் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி கிடைக்காது. 9 வருஷம் கட்டினார். வெள்ளம் கரையைத் தாண்டிக்கொண்டு வந்தது. குன்னைக் கொன்றுவிட்டு, அவருடைய மகன் யூவிடம் அதே வேலையைக் கொடுத்தார்கள். வாரிசு வேலை என்பார்களே, இது அதில் கொஞ்சம் ஆபத்தான ரகம்.

யூ அப்பாவின் கதியைப் பார்த்தவர். தண்ணீரை மறிப்பதை விட்டுவிட்டு, அது போக வழி வெட்டினார். கல்யாணமாகி 4-ஆம் நாள் கிளம்பியவர், வேலை நடந்த வருஷங்களில் 3 தடவை தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போயும் உள்ளே நுழையவில்லை. உள்ளே கைக்குழந்தை அழுவது கேட்டதாம். அப்படியும் நுழையவில்லை. இதைக் கடமை உணர்ச்சியின் சிகரம் என்று 2,000 வருஷத்துக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அவர் மனைவியிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. எத்தனை வருஷம் என்பதிலும் தகராறு. தத்துவஞானி மென்சியஸ் கணக்கில் 8, வரலாற்றாசிரியர் சிமா சியென் கணக்கில் 13. நடுவில் இடிக்கிற 5 வருஷத்துக்கு அந்த அம்மாளுக்கு யார் பதில் சொல்வது? வேலை முடிந்ததும் யூவுக்கு ராஜ்யமே கிடைத்தது. வெள்ளத்துக்கு வடிகால் வெட்டியதற்காக ஒருவரை நாட்டுக்கே அரசனாக்கியது அத்தோடு சரி என்றுதான் நினைக்கிறேன்.

கதையிலிருந்து கல்வெட்டுக் காலத்துக்கு வந்தால், நாற்றம் உடனே தொடங்கிவிடுகிறது. கி.பி. 582-இல் சுய் வம்சத்தின் வென் பேரரசர், ஹான் காலத்துப் பழைய சாங்ஆன் நகரில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யூ ஜீசாய் என்ற அரண்மனை சோதிடர் ஒரு விண்ணப்பம் வைத்தார். ஊர் கட்டி 800 வருஷம் ஆகப்போகிறது, கிணற்றுத் தண்ணீரெல்லாம் உப்புக் கரிக்கிறது, மனிதர் இருக்க ஏற்ற இடமில்லை என்று. எட்டு நூற்றாண்டாக ஊரார் கொட்டியதும் கழித்ததும் வெளியே போக வழியில்லாமல் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கி, திரும்பக் கிணற்றின் வழியே மேலேறி வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கச் சோதிடர் தேவைப்பட்டார் என்பதை நான் அவமானமாகச் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்த எவரும் கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் ராஜாவிடம் சொல்ல நட்சத்திரங்களின் துணை வேண்டியிருந்தது. பேரரசர் சாக்கடையை ரிப்பேர் செய்தாரா? செய்யவில்லை. தலைநகரையே மாற்றினார். யூவென் காய் என்ற வல்லுநரைக் கூப்பிட்டு, பழைய ஊருக்குத் தென்கிழக்கே சதுரங்கக் கட்டம் போல ஒரு புது நகரம் போடச் சொன்னார். அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு உலகத்திலேயே செலவு பிடித்த வைத்தியம் அதுதான்.

அடுத்து வந்த தாங் வம்சத்தார் இவ்வளவு தாராளமானவர்கள் அல்ல. ஊரை மாற்றுவதைவிட ஆளை அடிப்பது மலிவு என்று கண்டுகொண்டார்கள். 653-இல் விளக்கவுரையோடு வந்த அவர்கள் சட்டத் தொகுப்பில் தெருவையும் அதில் விடும் கழிவையும் பற்றி ஒரு பிரிவு உண்டு. தெருவை ஆக்கிரமித்தால் 70 தடியடி. சுவரில் ஓட்டை போட்டு அசிங்கத்தைத் தெருவில் விட்டால் 60. வெறும் தண்ணீரை விட்டால் குற்றமில்லை. இது வரைக்கும் எந்த நாட்டுச் சட்டத்திலும் இருக்கக்கூடியதுதான். அழகு கடைசி வரியில் இருக்கிறது. இதைத் தடுக்க வேண்டிய அதிகாரி தடுக்காமல் இருந்தால் அவருக்கும் அதே தண்டனை.

இந்த வரியை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். விளக்கம் கேட்டு ஓலை, இடமாற்றம், விசாரணைக் குழு, அந்தக் குழுவின் அறிக்கையை ஆராய இன்னொரு குழு என்று எதுவும் இல்லை. ஓட்டை போட்டவனுக்கு 60 என்றால், பார்த்துக்கொண்டு போனவருக்கும் 60. ஒரே தடி, ஒரே எண்ணிக்கை. நகர நிர்வாகத்தைப் பற்றி எத்தனையோ தடித்த புத்தகங்கள் வந்துவிட்டன. இந்த ஒற்றை வரியின் தெளிவு அவற்றில் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது சோங் வம்சத்தின் தலைநகர் கைஃபெங். இங்கே சாக்கடை சின்னதாகிவிட்டதே என்ற குறை இல்லை. பிரச்சினையே அது ரொம்பப் பெரிதாக இருந்ததுதான். ஆழமும் அகலமுமாகச் சுரங்கம் போல வெட்டிவிட்டார்கள். தண்ணீர் போய்ச் சேருவதற்கு முன்னால் ஊரிலுள்ள ரவுடிகள் போய்ச் சேர்ந்தார்கள். தலைமறைவானவர்கள் கூட்டமாக உள்ளே குடியேறி, அந்த இடத்துக்குக் 'கவலையில்லாக் குகை' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். கடத்தி வந்த பெண்களை அடைத்துவைத்த பகுதிக்கு 'பேய் ஃபான் மாளிகை' என்று பெயர். ஃபான் மாளிகை என்பது மேலே, வெளிச்சத்தில் இருந்த ஊரின் பிரபலமான மதுக்கூடம். கீழே அதன் இருட்டுக் கிளை. லூ யோ என்ற கவிஞர் தன் குறிப்பேட்டில் இதையெல்லாம் எழுதிவிட்டு, வம்சம் தொடங்கிய நாள் முதல் எத்தனை கெட்டிக்கார நகரத் தலைவர் வந்தும் இதை ஒழிக்க முடியவில்லை என்று முடிக்கிறார். சாக்கடைக்குள் இறங்கிப் பார்க்கிற வழக்கமே அதிகாரிகளுக்கு இல்லை என்பது அந்த ரவுடிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கவலையில்லாக் குகை என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இங்கே நம் ஆட்களும் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கிறார்கள். 1077-இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு இதே சோங் அரசவைக்கு வந்தது. காணிக்கைகளைக் கொடுத்துவிட்டு 81,800 சரம் செப்புக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். கைஃபெங் தெருவில் அவர்கள் மாலை நேரத்தில் உலாவியபோது காலுக்குச் சில அடி கீழே இன்னொரு வணிகக் குழுவும் மும்முரமாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு காசோடு பத்திரமாக ஊர் திரும்பியது தமிழரின் அதிர்ஷ்டம்.

நான் சொல்ல வந்த ஆசாமி இதே காலத்தவர். பெயர் லியு யீ. 1017-இல் ஃபூசோ பக்கம் பிறந்தவர். ஹூ யுவான் என்ற பெரிய ஆசிரியரிடம் படித்தார். தண்ணீரைக் கையாள்வதில் இவன் கெட்டிக்காரன் என்று வாத்தியாரே சொல்லியிருக்கிறார். ஆனால் வாயைக் கையாள்வதில் கெட்டிக்காரர் இல்லை. அமைச்சர் வாங் ஆன்ஷியின் புகழ்பெற்ற சீர்திருத்தங்கள் வந்த புதிதில், அவற்றை வகுத்த அலுவலகத்திலேயே இருந்துகொண்டு 'இது சரிவராது' என்று சொன்னார். வேலை போயிற்று. பிறகு ஷென்சோங் பேரரசர் தண்ணீர் தெரிந்த ஆள் யார் என்று தேடியபோது இவரைத் திரும்பக் கூப்பிட்டு நீர்த்துறையில் உதவி அதிகாரி ஆக்கினார்கள்.

ஒரு முறை விடாமழையில் பியென் ஆறு பெருகியது. புதிதாக ஓரிடத்தில் கரையை வெட்டிவிடலாம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். லியு யீ, 'யாங் பாலத்து மதகைத் திறந்தால் போதுமே' என்றார். திறந்தார்கள். தண்ணீர் வடிந்தது. ஏற்கனவே இருக்கிற மதகைத் திறக்கச் சொல்கிறவரை ஆலோசனைக் கூட்டங்களில் யாருக்கும் பிடிக்காது. கொஞ்ச நாளில் அவர் தலைநகரிலிருந்து வெளியூருக்குப் போய், பிறகு இன்று கான்சோ என்று சொல்லப்படும் ஊருக்கு ஆளுநராகப் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஊரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மந்திரவாதியைத்தான் கூப்பிடுவார்கள். லியு யீ ஒரு மருத்துவக் கையேடு எழுதினார். பிறகு 3,700 மந்திரவாதிக் குடும்பங்களைக் கூப்பிட்டு, இன்று முதல் நீங்களெல்லாம் வைத்தியர்கள் என்று உத்தரவு போட்டார். நேற்று வரை உடுக்கை அடித்த கை இன்று நாடி பிடித்தது. நோயாளிகள் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கைச் சரித்திரம் நாசூக்காக விட்டுவிட்டது.

கான்சோவின் நிஜமான நோய் வேறு. மேற்கே ஜாங் ஆறு, கிழக்கே கோங் ஆறு, ஊருக்கு வடக்கு முனையில் இரண்டும் கூடிக் கான் ஆறு. சீன எழுத்திலும் ஜாங்கையும் கோங்கையும் சேர்த்து எழுதினால் கான் வரும். அந்த எழுத்தைப் பார்த்தாலே ஊரின் தலையெழுத்து தெரிந்துவிடும். ஆறுகள் பெருகும்போதுதான் ஊரிலும் மழை கொட்டும். மதில் ஆற்றை வெளியே நிறுத்தும், அதே மதில் மழையை உள்ளேயும் நிறுத்தும். வடிகாலுக்காக மதிலில் ஓட்டை வைத்தால், ஆறு ஏறும்போது அந்த ஓட்டை வழியாக ஆறே விருந்துக்கு வந்துவிடும். சாப்பிட்ட வாய் வழியாகவே வாந்தியும் வருவது போல.

வழக்கமான நிர்வாகம் இதற்கு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கதவு, கதவுக்கு ஒரு காவலாளி, காவலாளிக்கு ஒரு மேலாள். நள்ளிரவில் ஆறு ஏறும். காவலாளி தூக்கத்தில் இருப்பார். எழுந்தாலும் சாவி மேலாளிடம். மேலாள் மைத்துனி கல்யாணத்துக்குப் போயிருப்பார்.

கான்சோவில் மதிலின் 12 இடங்களில் 'நீர் ஜன்னல்' வைத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கீல் வைத்த மரப்பலகை, வெளிப்பக்கமாக மட்டுமே திறக்கும். ஆறு தாழ்ந்திருந்தால் ஊர்த் தண்ணீர் பலகையைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போகும். ஆறு உயர்ந்தால் ஆறே பலகையை அழுத்தி மூடிக்கொள்ளும். வெள்ளத்தைத் தடுக்கும் வேலையை வெள்ளத்திடமே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பலகைக்குச் சம்பளமில்லை, பஞ்சப்படி இல்லை, மைத்துனியும் இல்லை.

ஜன்னல் மூடிக்கொண்டால் உள்ளே பெய்கிற மழை எங்கே போகும்? குளத்துக்கு. ஊருக்குள் இருந்த பத்துக்கணக்கான குளங்களையும் வடிகாலோடு கோத்துவிட்டார்கள். ஆறு இறங்கி ஜன்னல் திறக்கும் வரை தண்ணீர் குளத்தில் காத்திருக்கும். காத்திருக்கும் தண்ணீரில் மீன் வளர்த்தார்கள். குளத்துச் சேற்றை அள்ளிக் காய்கறிப் பாத்திக்குப் போட்டார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் வடிகாலின் சரிவைக் கூட்டியிருந்தார்கள், வேகமாகப் பாயும் தண்ணீர் வண்டலையும் இழுத்துக்கொண்டு போகட்டும் என்று. அகலம் இரண்டு மூன்று சீன அடி, ஆழம் ஐந்தாறு. பக்கச் சுவர் செங்கல், மேல்மூடி கல். இரண்டு பிரிவாக மொத்தம் ஏறக்குறைய 12.6 கிலோமீட்டர். ஒன்றுக்கு 'ஃபூ' என்றும் மற்றதற்கு 'ஷோ' என்றும் பெயர். தமிழில் சொன்னால் சௌபாக்கியம், தீர்க்காயுசு. கல்யாணப் பத்திரிகையில் போட வேண்டிய பெயர்கள். இரண்டும் ஓடும் வடிவம் பழைய முத்திரை எழுத்தில் அதே சொற்களைப் போல இருந்ததால் அப்படி வைத்தார்களாம். சாக்கடைக்கு இதைவிட மங்களகரமான பெயரை நான் கேள்விப்பட்டதில்லை.

இதிலும் ஒரு பொல்லாத நகைச்சுவை இருக்கிறது. சோங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாற்றில் லியு யீக்குத் தனியாக வாழ்க்கைக் குறிப்பு உண்டு. 3,700 மந்திரவாதிகளும் அதில் இருக்கிறார்கள், இந்தச் சாக்கடையைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. பிற்காலத்து ஊர்ச் சரித்திர ஏடுகள்தான் அவர் பெயரில் கணக்கு எழுதிவைத்தன.

நம்பிக்கைக்கு உரிய பலகைக்கும் ஒரு பலவீனம் உண்டு. தன் தலைமேல் வீடு கட்டுகிறவனை அதனால் தடுக்க முடியாது. நூற்றாண்டுகள் போகப் போக, கல்மூடிகளின் மேல் ஜனங்கள் வீடு எழுப்பிக்கொண்டார்கள். கீழே எது ஓடுகிறது, எங்கே ஓடுகிறது என்பதே மறந்துபோயிற்று. பெருமழை வந்த வருஷமெல்லாம் ஊரின் வடகிழக்குப் பக்கம் வீடு வாசலை விட்டு ஓடியது. தாங் காலத்து 70 தடியடி இங்கேதான் உதவியிருக்கும். ஒருவழியாக 1869-70-இல் தோண்டித் துலக்கினார்கள். 1950-களில் மறுபடியும் தேடித் தோண்டி 7.3 கிலோமீட்டரை மீட்டார்கள்.

தூர் வாரும் விஷயத்தில் பெய்ஜிங்காரர்கள் கறார். சிங் வம்ச காலத்தில் வருஷா வருஷம் வசந்தத்தில் நகரச் சாக்கடைகளை ஒட்டுமொத்தமாகத் திறந்துபோட்டு அள்ளுவார்கள். வண்டி போக வழியிருக்காது. ஜனங்கள் மூலிகைப் பொட்டலத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு நடப்பார்கள். நாட்டின் மகா மேதைகள் தலைநகரில் தேர்வு எழுதக் கூடுவதும் சரியாக அதே பருவம். நாற்றச் சாக்கடை திறந்தால் தேர்வுக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம் என்று ஊரில் ஒரு பழமொழியே உருவாகிவிட்டது. எது எதனால் வந்தது என்று பெய்ஜிங்காரர்கள் விளக்கம் தரவில்லை. அங்கே அரண்மனைக்குள் மட்டும் கதை வேறு. 1420-இல் முடிந்த பேரரண்மனையின் முப்பெரும் மண்டப மேடையில் 1,142 கல் டிராகன் தலைகள் மழைத்தண்ணீரைத் துப்புகின்றன. வடக்கிலிருந்து தெற்கே ஒரு மீட்டருக்கும் மேல் சரிவு. 2012 ஜூலையில் பெய்ஜிங்கில் பெய்த பெருமழையில் 79 பேர் இறந்தார்கள். அரண்மனை முற்றத்தில் தண்ணீர் நிற்கவில்லை.

கான்சோவுக்கும் அப்படியொரு நட்சத்திர நாள் வந்தது. 2010 ஜூனில் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் கொட்டியது. தென்சீனத்தின் பெரிய நகரங்கள் மிதந்துகொண்டிருந்தபோது கான்சோவின் பழைய ஊர் கால் நனையாமல் இருந்தது. அதற்கப்புறம் சௌபாக்கியச் சாக்கடைக்கு வந்த புகழைப் பார்த்தால் லியு யீயே கூச்சப்பட்டிருப்பார். பழைய காலத்துப் பலகை உலகத்தையே காப்பாற்றும் என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். அது அதிகம். 2021 ஜூலையில் செங்சோவில் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. அந்த நகரில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 380 பேர். அந்த மழையை எந்த நீர் ஜன்னலும் தாங்கியிருக்காது. கான்சோவின் பலகைகளுக்குத் தோள் கொடுத்த குளங்களிலும் பெரும்பாலானவை இன்று கட்டடங்களுக்கு அடியில் கிடக்கின்றன. புகழ்கிறவர்கள் பலகையைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். இல்லாத குளத்தைப் படம் எடுக்க முடியாதே.

லியு யீ என்ன ஆனார்? அவரைக் கான்சோவிலேயே விட்டிருக்கலாம். தெற்கு எல்லையில் குய்சோவுக்கு, அதாவது இன்றைய குய்லினுக்கு, ஆளுநராக அனுப்பினார்கள். அங்கே பக்கத்து நாடான தாய் வியட்டோடு நடந்துவந்த வியாபாரத்துக்கு அவர் தடை போட்டார். தண்ணீருக்கு ஒரு பக்கமாவது வழி விட்டவர், வியாபாரிகளுக்கு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார். வெளியே ஏறிய அழுத்தத்துக்கு இங்கே பலகை எதுவும் இல்லை. 1075-76-இல் வியட்நாமியப் படை எல்லை தாண்டி வந்து சின், லியென், யோங் ஆகிய 3 நகரங்களைப் பிடித்தது. பழி லியு யீ தலையில் விழுந்தது. முதலில் பதவி இறக்கினார்கள். பிறகு அதிகாரிகள் பட்டியலிலிருந்தே பெயரை அடித்து, சாதாரணக் குடிமகனாக்கி, ஊர் ஊராக அனுப்பினார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1086-இல், புது ஆட்சிக்கு அவர் ஞாபகம் வந்தது. அவருக்கு எந்த வேலை சரியாக வரும் என்று இந்தத் தடவை யாரோ யோசித்திருக்க வேண்டும். தண்ணீர்த் துறையில் பழைய அதே உதவி அதிகாரி பதவி கொடுத்து, உடனே புறப்பட்டு வரச் சொன்னார்கள். ஏறக்குறைய 70 வயதில் கிளம்பினார். வழியிலேயே நோய் கண்டு இறந்துபோனார்.